மூவகை நீரும் ஒரு படகும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் மீன்பிடிக்க மூவகை நீர் உண்டு. கிழக்கு மலைகளின் நடுவே பெடு, மூடா, ஆனிங், பெரிஸ் அணைகள் தேக்கி வைத்திருக்கும் நன்னீர் முதலாவது. மேற்கே கோலா கெடாவிலிருந்து யான், தஞ்சோங் டாவாய் வழியாகக் கோத்தா கோலா மூடா வரை நீளும் மலாக்கா நீரிணையின் உப்புநீர் இரண்டாவது. ஜெராய் மலைக்குத் தெற்கே மெர்போக் ஆறு அலையாத்திக் காடுகளுக்குள் புகுந்து கடலோடு கலக்கும் இடத்து உவர்நீர் மூன்றாவது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வாய்க்கால் விராலும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்த குடும்பங்கள் இன்று பெரும்பாலும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவர்களுக்கு இம்மூன்று நீரும் ஒரு காலைப் பயணத்தில் எட்டக்கூடியவை. படகு வாங்க நினைப்பவர் விலை கேட்குமுன் எந்த நீரில் அதை ஓட்டப்போகிறார் என்பதை முடிவு செய்தாக வேண்டும். அடிப்பகுதியின் வடிவம், கட்டுமானப் பொருள், எஞ்சின், அதன் காலில் திருகியிருக்கும் சிறு உலோகத் துண்டு என எல்லாம் அந்த முடிவுக்குப் பின்னால்தான் வருகின்றன.

காற்றில்லாத நாளில் பெடு ஏரி தாம்பாளத்து நீர்போல அசையாமல் கிடக்கும். அங்கே ஆபத்து அடியில் இருக்கிறது. 1960களின் இறுதியில் மூடா நெற்பாசனத் திட்டத்துக்காக அணை எழுந்தபோது பள்ளத்தாக்கின் மரங்கள் பல நின்றபடியே மூழ்கின. நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் பட்ட மரங்களின் தலைகள் வெளியே தெரியும். ஒரு சாண் நீருக்குக் கீழே மறைந்திருப்பவைதான் படகைக் குத்துகின்றன. தோமான், செபாராவ் மீன்கள் அந்த மரங்களின் நிழலில்தான் பதுங்குகின்றன என்பதால் தூண்டில்காரர் அவற்றை விட்டு விலகவும் முடியாது. மெர்போக்கில் அலையாத்தி வேர்களும் ஓதத்துக்கு ஓதம் இடம் மாறும் ஆழமும் கவனிக்க வேண்டியவை. கடற்கரையோ பெரும்பகுதி சேற்றுக்கரை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 2 மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். விடியலில் எளிதாகக் கடந்து போன முகத்துவாரத் திட்டு, மதியம் திரும்பும்போது அடித்தட்டை உரசும். நீரிணையின் அலைகள் பெருங்கடல் அலைபோல உயர்ந்தவை அல்ல, ஆனால் நெருக்கமானவை. ஒரு அலையிலிருந்து அணியம் (படகின் முன்பகுதி) இறங்குமுன் அடுத்தது வந்து மோதும். தென்மேற்குப் பருவத்தில் சுமாத்திராப் பக்கமிருந்து இருட்டோடு கிளம்பிவரும் இடிமழைக் காற்று, அமைதியான கடலைச் சற்று நேரத்தில் கலக்கிவிடும்.

இந்த மூன்று இடங்களுக்கும் ஒரே அடிவடிவம் பொருந்தாது. தட்டையான அடி குறைந்த ஆழத்தில் மிதக்கும். ஆள் ஓரத்தில் நின்று மீனை இழுத்தாலும் சட்டென்று சாயாது. படகு ஒரு பக்கம் சாயும்போது நீருக்குள் அமிழ்ந்த பகுதியின் உருவம் மாறி, மிதப்பு விசையின் மையம் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அகன்ற தட்டை அடியில் அது வெகுதூரம் நகர்ந்து படகை உடனே நிமிர்த்தும். குளத்தில் இது வரம். நெருங்கிய கடலலையில் இதே குணம் சாபமாகிறது: நீர்ப்பரப்பு சாய்ந்தால் படகும் அதனோடு சேர்ந்து வெடுக்கென்று சாயும், ஒவ்வொரு அலைக்கும் அடித்தட்டு பளார் என்று அறைபடும். கூர்முக்கோண அடி அலையைப் பிளந்து செல்லும். அதற்கு விலையாக அதிக ஆழமும் அதிக எஞ்சின் வலுவும் கேட்கும், நிற்கும்போது ஆடும். ஆற்றுக்கும் கரையோரக் கடலுக்கும் சேர்த்து ஒரே படகு வேண்டுவோர் அணியத்தில் கூர்மையும் பின்புறத்தில் ஏறக்குறைய தட்டையுமான அடியைத் தேர்கின்றனர். சமரசம்தான். ஆனாலும் சிறு படகுகளில் நல்ல வடிவங்கள் பலவும் சமரசங்களே.

நீளத்தைப் பற்றிய கணக்கு சுமையிலிருந்து தொடங்குவது நல்லது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்ற ஆர்க்கிமிடீஸ் விதியைப் பள்ளியில் படிக்காதவர் இல்லை. அதைப் படகுத்துறையில் நின்று கணக்கிட்டுப் பார்ப்பவர் குறைவு. சுமார் 5 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு படகின் நீர்மட்டப் பரப்பு ஏறத்தாழ 5.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏற்றப்படும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் அது 1.8 சென்டிமீட்டர் தாழும். நான்கு ஆட்கள், எரிபொருள், நங்கூரம், பனிக்கட்டி நிரப்பிய பெட்டி எல்லாம் சேர்ந்து 500 கிலோ வந்துவிட்டால் 9 சென்டிமீட்டர் போயிற்று. விற்பவர் காட்டும்போது படகு காலியாக, நீருக்கு மேல் எடுப்பாக மிதக்கும். ஆள் ஏறிய பின் எஞ்சும் விளிம்பு உயரம்தான் நீரிணையின் அலைக்கு எதிரே நிற்கப்போவது. ஆகவே பார்க்கப் போகும்போது தனியாகப் போகாமல், வழக்கமாகக் கூட வரப்போகும் நண்பர்களையும் அழைத்துப்போய் ஏற்றிப் பார்ப்பது எந்தக் கருவியையும்விட நல்ல அளவுகோல்.

படகின் அடியில் தேங்கும் நீரும் சுமைதான். அதுவும் கட்டுப்படாத சுமை. படகு சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடி, நிமிர வேண்டிய நேரத்தில் எதிர்ப்பக்கம் இழுக்கும். கணுக்காலளவு நீர்தானே என்று விட்ட படகு கவிழ்வதற்குக் காரணம் நீரின் எடையைவிட அதன் ஓட்டமே. இறைக்கும் பம்பும், அது பழுதானால் ஒரு வாளியும் படகோடு சேர்ந்த உறுப்புகள் என்று எண்ண வேண்டும்.

வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை நீளம் தீர்மானிக்கிறது. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு தானே ஓர் அலையை எழுப்பி அதன் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. நீர்மட்ட நீளத்தின் (அடிக்கணக்கில்) வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். 16 அடிக்கு 5.4 நாட், 25 அடிக்கு 6.7 நாட். இதைத் தாண்ட வேண்டுமானால் படகு அலை மேல் ஏறி நீர்ப்பரப்பில் சறுக்க வேண்டும். அதற்கு இலேசான உடலும் வலுவான எஞ்சினும் தேவை. கனமான மரப்படகில் பெரிய எஞ்சினை மாட்டி வேகம் எதிர்பார்ப்பவர், எண்ணெய்க் காசை அலையாக மாற்றிக்கொண்டிருப்பார்.

அடுத்தது உடல் எதனால் ஆனது என்ற கேள்வி. மலேசியாவின் மரப்படகு கட்டும் மரபில் முதலிடம் செங்கால் மரத்துக்கு. ஒரு கன மீட்டர் ஒரு டன்னை நெருங்கும் எடை. கறையான் எளிதில் தொடாத வைரம். திரெங்கானுவில் புலாவ் டுயோங் தச்சர்கள் வரைபடம் இல்லாமல், பலகைகளை மர ஆணிகளால் கோத்து, இடுக்குகளில் கெலாம் மரப்பட்டையை வைத்துக் கட்டும் புகழ்பெற்ற படகுகளுக்கு இதுதான் மூலப்பொருள். கெருயிங் போன்ற மலிவான மரங்களில் கட்டிய படகுகளும் உண்டு; பார்வைக்கு, அதுவும் சாயம் பூசிய பின், வேறுபாடு தெரியாது. தோட்டத்துக்காரர் கண்ணெதிரே ஏக்கர் கணக்கில் நிற்கும் ரப்பர் மரம் மட்டும் இதற்கு உதவாது. அதில் மாவுச்சத்து மிகுதி. பதப்படுத்தாமல் போட்டால் சில வாரங்களில் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும்.

மரப்படகுக்கு இரண்டு பகைகள். இரண்டும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வருகின்றன. கீழிருந்து வருவது மலாய்க்காரர்கள் தெமிலோக் என்று அழைக்கும் கப்பல்புழு. பெயரில்தான் அது புழு. உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர்; தன் இரு ஓடுகளையும் அரம்போலப் பயன்படுத்தி மரத்தைக் குடைகிறது, உடலில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் மரநாரைச் செரிக்கிறது. குண்டூசித் தலையளவு துளையில் குஞ்சாக நுழைந்து உள்ளேயே வளர்ந்து பருப்பதால், வெளியே நல்ல பலகையாகத் தெரிவது உள்ளே தேன்கூடாக இருக்கலாம். அதற்கு உப்பு வேண்டும். நன்னீரில் நெடுநாள் பிழைக்காது. படகை அவ்வப்போது ஆற்றின் மேற்புறம் கொண்டுபோய்க் கட்டுவதும், கரையேற்றி உலர்த்துவதும் பல நாட்டு மீனவர்கள் பட்டறிவால் கண்ட மருந்து. மேலிருந்து வரும் பகை மழை. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், உப்பும் அதற்குப் பிடிக்காது. ஆகவே உளுத்த பகுதியைக் கடல்நீர் தொடும் இடத்தில் தேடாமல், மேல்தட்டின் அடியிலும், விலாச் சட்டங்கள் சந்திக்கும் மூலைகளிலும், மழைநீர் வடியாமல் நிற்கும் இடங்களிலும் தேட வேண்டும். கூரான ஆணி ஒன்று போதும்: நல்ல மரத்தில் அது நுழைய மறுக்கும், உளுத்ததில் வெண்ணெயில் போவதுபோல் போகும். புழுவுக்காக ஏரா (அடிக்கட்டை) நெடுகவும், நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே பலகைக்குப் பலகையும் இப்படிக் குத்திப் பார்க்க அனுமதிக்காத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஆணித் தலைகளைச் சுற்றித் துருநிறம் வழிந்திருந்தால் இரும்பாணிகள் கரைந்துகொண்டிருக்கின்றன. மரம் நன்றாயிருந்தாலும் அதைப் பிடித்திருப்பவை போய்விட்டன என்று பொருள்.

இன்று சிறு படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையில் வார்க்கப்படுகின்றன. புழுவும் பூஞ்சையும் இதைத் தின்பதில்லை. ஆனால் நீர் தின்னும். வெளிப்பூச்சின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஆண்டுக்கணக்கில் நீரிலேயே கிடக்கும் படகில் நீர் மூலக்கூறுகள் அதன் வழியே ஊடுருவி, சரியாக இறுகாத பாலியெஸ்டர் பிசினைச் சிதைத்து, கரைசலாக்குகின்றன. அந்தக் கரைசல் சவ்வூடுபரவல் முறையில் மேலும் நீரை இழுக்க, பூச்சின் கீழே கொப்புளம் எழும்புகிறது. ஒன்றைக் குத்தினால் பிசுபிசுப்பான திரவமும் காடிபோன்ற புளிப்பு வாடையும் வரும். இங்கே ஓர் இடக்கு: வெளியே அடர்த்தி கூடிய உப்புநீரைவிட நன்னீரில்தான் இந்தச் சவ்வூடுபரவல் விரைவு. கடலில் ஓடியதில்லை, ஏரியில் மட்டும் கிடந்தது என்று விற்பவர் சொல்வது எஞ்சினுக்கு நற்சான்றாகலாம், அடிப்பகுதிக்கு ஆகாது. நீரிலிருந்து ஏற்றிய உடனே பார்த்தால் கொப்புளங்கள் தெரியும். சில நாள் உலர்ந்தபின் சிறியவை அடங்கிவிடலாம்.

கண்ணாடியிழைப் படகைக் காதால் சோதிக்கலாம். நாணயத்தாலோ சிறு சுத்தியின் பிளாஸ்டிக் முனையாலோ ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால் நல்ல சுவர் கணீரென்று ஒலிக்கும்; அடுக்குகள் விட்டுப்போன இடமும் நீர் ஊறிய இடமும் மந்தமாகத் தொப்பென்று பேசும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் காதுக்கு இது புதிய வித்தை அல்ல. அதிகம் கவனிக்க வேண்டிய இடம், எஞ்சினைத் தாங்கும் பின்சுவர். பல படகுகளில் அந்தச் சுவருக்குள் ஒட்டுப்பலகை வைத்து மேலே இழை போர்த்தியிருப்பார்கள். எஞ்சினைப் பூட்டிய திருகுத் துளை வழியே நீர் இறங்கினால் உள்ளே பலகை சோறாகிவிடும், வெளியே பளபளப்பு குறையாது. எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் பலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். சுவர் சேர்ந்து அசைந்தாலோ துளையோரம் பழுப்பு நீர் கசிந்தாலோ பின்சுவரை முழுதாக மாற்றும் செலவு வரப்போகிறது. கயிறு கட்டும் கொக்கிகளைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் விரிசல் இருப்பது அவ்விடம் ஒருமுறை கடுமையாக இழுபட்டதன் பதிவு.

இன்னொரு மறைவிடம் மிதவை நுரை. கண்ணாடியிழைச் சுவர் நீரைவிடக் கனமானது, நீர் நிறைந்தால் மூழ்கும். அதைத் தடுக்கவே இருக்கைகளுக்கு அடியிலும் தளத்துக்குக் கீழும் நுரையை நிரப்புகிறார்கள். மட்டமான நுரை ஆண்டுகள் போகப்போக நீரை உறிஞ்சி, காப்பாற்ற வேண்டியது கல்லாகிவிடும். தளத்தைப் பிரிக்காமல் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி எடை பார்ப்பது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளும் பழைய இரும்பும் தினமும் நிறுக்கப்படும் மாநிலத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. இழுவண்டியோடு ஒருமுறையும் இழுவண்டியை மட்டும் ஒருமுறையும் நிறுத்துக் கழித்தால் படகின் எடை கிடைத்துவிடும். எஞ்சினும் எண்ணெயும் போக, தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட நூறு இருநூறு கிலோ கூடியிருந்தால், அந்த வேறுபாடு நுரைக்குள் தேங்கிய நீராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

புதுப்படகு என்றால் இந்தத் தொல்லைகள் இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அதற்கு ஒரு கசப்பான பாடத்தை விட்டுச் சென்றது. கோத்தா கோலா மூடாவில் அலை தூக்கி எறிந்த படகுகளே இன்று நினைவுச் சின்னமாக நிற்கின்றன. வங்காள விரிகுடாவின் மறுகரையில், தமிழகத்திலும் இலங்கையிலும், கட்டுமரத்தையும் பழைய வள்ளத்தையும் இழந்தவர்களுக்காக நன்கொடைப் பணத்தில் கண்ணாடியிழைப் படகுகள் அவசர அவசரமாக வார்க்கப்பட்டன. அனுபவமில்லாத பட்டறைகள் முளைத்தன; தரமற்ற படகுகள் பல கரை சேர்ந்தன; ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் இதைச் சுட்டிக்காட்டிப் படகு கட்டும் முறைக்கு வழிகாட்டிகள் வெளியிட வேண்டி வந்தது. கையால் பூசும் முறையில் எடைக்கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழையும் மிச்சம் பிசினும் இருப்பது நல்ல கலவை. பிசின் மிகுந்தால் சுவர் தடிமனாகத் தோன்றும், எடையும் கூடும், ஆனால் அடிபட்டால் ஓடுபோல் உடையும். வலிமை இழையில்தான் இருக்கிறது. ஈரக்காற்றும் மழைச்சாரலும் பிசின் இறுகுவதைக் கெடுப்பவை. ஆகவே பட்டறையின் கூரையையும் தரையையும் பார்ப்பது படகைப் பார்ப்பதற்குச் சமம். வார்த்து முடித்து வாரங்கள் ஆகியும் மூக்கைத் துளைக்கும் பிசின் வாடை அடித்தால் உள்ளே இன்னும் இறுகவில்லை. பின்சுவருக்காகவோ திருகுகளுக்காகவோ துளையிடும்போது வெட்டியெடுக்கும் வட்டத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம்: சுவரின் தடிமனும் அடுக்குகளின் எண்ணிக்கையும் காற்றுக் குமிழ்களும் அதில் வெளிச்சமாகத் தெரியும்.

அலுமினியப் படகு ஏரிக்கு ஏற்றது. மூழ்கிய மரத்தில் மோதினால் கண்ணாடியிழை பிளக்கும் இடத்தில் இது நசுங்கி நிற்கும். இலேசானதால் இழுவண்டியில் ஏற்றவும் எளிது. கடலுக்குக் கொண்டுபோவதென்றால் 5052, 5083 என்ற எண்களால் குறிக்கப்படும் கடல்தர உலோகமா என்று கேட்டறிய வேண்டும். தாமிரம் கலந்த பாசித்தடுப்புச் சாயத்தை இதன்மேல் பூசக்கூடாது. இரு வேறு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம்; அந்தக் கலத்தில் கரைவது அலுமினியம்.

இதே மின்கல விளைவை அடக்கத்தான் எஞ்சினின் காலில் ஓர் உலோகத் துண்டு திருகப்படுகிறது. விலையுயர்ந்த பாகங்களுக்குப் பதில் அது கரைந்து தன்னை இழக்கும். உப்புநீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம், உவர்நீருக்கு அலுமினியக் கலவை. பழைய எஞ்சினில் இத்துண்டு பாதி கரைந்திருப்பது நல்ல அறிகுறி, அது வேலை செய்திருக்கிறது. பல ஆண்டு ஓடிய எஞ்சினில் புதிதுபோல் முழுமையாக இருந்தால் இரண்டில் ஒன்று: நேற்று மாற்றினார்கள், அல்லது அதன்மேல் சாயம் பூசி வேலை செய்யவிடாமல் ஆக்கிவிட்டார்கள்.

எஞ்சின் வாங்கும்போது படகின் விலையில் பாதி அதுவே என்பதை மறக்கலாகாது. சிறு படகில் பாதிக்கு மேலும் போகும். பின்புறம் மாட்டும் பெட்ரோல் எஞ்சின்களில் இருவீச்சு வகை எளிமையானது, இலேசானது, முகத்துவாரத்துக் கிராமத்துப் பட்டறையிலும் பழுதுபார்க்கக்கூடியது. அதன் குறை, வெளியேறும் புகையோடு எரியாத பெட்ரோலும் போய்விடுவது. பழைய கார்புரேட்டர் வகையில் நான்கில் ஒரு பங்கு வரைகூட அப்படி வீணாகும். நான்குவீச்சு எஞ்சின் சிக்கனமானது, ஆனால் கனமானது. இருவீச்சுக்காகக் கட்டிய பழைய படகில் மாட்டினால் பின்புறம் தாழ்ந்து அணியம் வானம் பார்க்கும். 40 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் குடிக்கும், இருவீச்சானால் அதற்கும் மேல். கொண்டுபோகும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவசம் என்ற கணக்கில் தொட்டியின் அளவைத் தேர்வது படகோட்டிகளின் பழைய வழக்கம்.

பெரிய மீன்பிடிப் படகுகளில் உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின் இருக்கும். பலவும் லாரியிலிருந்து கழற்றி மாற்றியமைத்தவை. அதில் தவறில்லை, குளிரூட்டும் முறை சரியாக இருந்தால். கடல்நீரை நேரே எஞ்சினுக்குள் ஓடவிட்டால் உப்பு அதன் வார்ப்பிரும்பை உள்ளிருந்து அரிக்கும். நன்னீர் உள்ளே சுற்ற, கடல்நீர் வெளியிலிருந்து அந்த நன்னீரை மட்டும் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று குழாய்களைத் தடவிப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பழைய எஞ்சினைப் பார்க்க நேரம் குறிக்கும்போது, அதைக் கிளப்பாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். போய்ச் சேரும்போது மூடி சூடாக இருந்தால் குளிர்நிலையில் கிளம்பாத நோய் மறைக்கப்பட்டிருக்கலாம். புகையின் நிறம் பேசும்: கரும்புகை எரியாத எண்ணெய் அல்லது அளவுமீறிய சுமை, நான்குவீச்சிலும் டீசலிலும் நீலப்புகை என்றால் மசகெண்ணெய் எரிகிறது, சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை, உள்ளே நீர் புகுவதாக இருக்கலாம். இருவீச்சில் எண்ணெய் கலந்தே எரிவதால் சற்று நீலம் இயல்பு. எல்லா உருளைகளின் அழுத்தத்தையும் அளந்தால் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபடக்கூடாது. எண் எவ்வளவு என்பதைவிட ஒத்திருக்கிறதா என்பதே முக்கியம். காலின் பற்சக்கர எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால், தேநீரில் பால் விட்டதுபோல் வெளுத்திருப்பது நீர் புகுந்ததற்கு அடையாளம். பக்கவாட்டில் பீய்ச்சும் குளிரூட்டும் நீர் வலுவாக வர வேண்டும். தாமான் வீட்டு முன்றிலில் இரண்டு மழைக்காலம் மூடிக் கிடந்த படகு, நாள்தோறும் கடலுக்குப் போன படகைவிட நல்லது என்று எண்ணிவிடக்கூடாது. நின்ற பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும், குளிரூட்டும் பம்பின் ரப்பர் விசிறி இதழ் காய்ந்து வெடிக்கும். வடிதுளை அடைத்திருந்தால் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவும் குடியேறும்.

கடைசிச் சோதனை நீரில். வழக்கமான சுமையோடு, ஓட்டப்போகும் நீரில், எஞ்சினை முழு வேகத்துக்குத் திறந்து சுழற்சி எண்ணைப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த வரம்பை எட்டாமல் திணறினால் உந்துவிசிறியின் புரி பொருந்தவில்லை, அல்லது அடியில் கொட்டலசு படர்ந்திருக்கிறது, அல்லது படகு காகிதத்தில் உள்ளதைவிடக் கனம். அலைக்குக் குறுக்கே ஓட்டியும், திடீரென்று வேகத்தைக் குறைத்துப் பின்னால் வரும் அலை பின்சுவர் மேல் ஏறுகிறதா என்றும் பார்த்துக் கரை திரும்பியதும் தளத்தைத் திறக்க வேண்டும். புறப்படும்போது உலர்ந்திருந்த அடியில் நீர் சேர்ந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை விலை பேசத் தேவையில்லை.

காகிதங்களும் நீரைப் பொறுத்தே மாறுகின்றன. மலேசிய அரசமைப்புச் சட்டப்படி கடல், முகத்துவார மீன்பிடி கூட்டரசின் கையில். ஆற்று மீன்பிடி மாநிலத்தின் கையில். கடலிலும் மெர்போக் வாயிலும் விற்பனைக்காக மீன்பிடிக்கும் படகுக்கு 1985ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தின் கீழ் மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். கெடாவில் பதிந்த மீன்பிடிப் படகின் எண் கே.எச்.எஃப். என்று தொடங்கும். கரையிலிருந்து எத்தனை மைலில், எந்த வலையோடு தொழில் செய்யலாம் என்பதையும் அந்த உரிமமே வகுக்கிறது. மண்டல எல்லைகள் மேற்குக் கரையில் மாற்றப்பட்டிருப்பதால் பழைய உரிமத்தில் உள்ளதை அப்படியே நம்பாமல் அலோர் செத்தாரிலுள்ள மாநில மீன்வள அலுவலகத்தில் கேட்பது நல்லது. கரையோர மீன்பிடிக்குப் புதிய உரிமங்கள் நீண்ட காலமாகவே கட்டுப்படுத்தப்பட்டுள்ளதால் 'உரிமத்தோடு படகு' என்று விலை ஏற்றிச் சொல்வோர் உண்டு. உரிமம் படகின் பாகமல்ல. துறையின் ஒப்புதல் இல்லாமல் அது கைமாறாது, மீனவர்க்கான மானிய எண்ணெயும் அதைச் சார்ந்தது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசானபோதும் உரிமம் பெற்ற மீனவர்க்கு மானிய விலை தொடர்ந்தது. அந்த இடைவெளியின் மதிப்பைத்தான் விற்பவர் விலையில் ஏற்றுகிறார். ஒப்புதல் கடிதம் வருமுன் முழுத்தொகையையும் கொடுப்பது, படகின் விலைக்கு வெறும் மரமும் இழையும் வாங்குவதாகிவிடும்.

பொழுதுபோக்குக்காக மட்டும் ஓட்டும் படகுக்கு மீன்வள உரிமம் தேவையில்லாத இடத்திலும் கடல்துறையின் பதிவு விதிகள் குறுக்கிடலாம். அணைகளில் படகு இறக்க அணையை நிர்வகிப்பவர்களின் அனுமதி வேண்டியிருக்கும். எந்த நீரானாலும் ரசீதில் படகின் எண்ணோடு எஞ்சினின் வரிசை எண்ணும் எழுதப்பட வேண்டும். பின்புறம் மாட்டும் எஞ்சின் நான்கு திருகில் கழன்று ஒரே இரவில் காணாமல் போகக்கூடிய பொருள். எண் சுரண்டப்பட்ட எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் படகிலிருந்து கழற்றி விற்பவரிடமே விட்டுவர வேண்டும்.